நீல வண்டியின் வலது பக்கம்

23-1-82, சனி

பனி. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். வண்டி மூன்றாவது தரம் கிளம்பியது. எப்போதும் மூன்றாவதுதான். முதல் இரண்டும் அதற்குக் கொட்டாவி.

திருக்கனூர் பக்கத்துக் கத்திரிக்காய், அவரை, வாழையிலைக் கட்டு. ஏழு மணிக்குள் பெரிய மார்க்கெட்டில் இறக்கியாயிற்று. பிறகு லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸுக்கு ஒரு கிளார்க் வீட்டுச் சாமான். பீரோ, கட்டில், தையல் மிஷின், தொட்டியோடு துளசிச் செடி. கிளார்க் என் பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இன்னாங்க, ஸ்டீரிங் இடது பக்கம் இருக்குது?"

"பிரெஞ்சுக்காரன் வண்டி சார். அவங்க ஊர்ல ரோட்டுக்கு வலது பக்கமா போவாங்க."

"அப்ப நம்ம ரோட்டுல எதிர்ல வர்றது எப்பிடித் தெரியும்?"

வலது பக்க சீட்டைக் காட்டினேன். அஞ்சலை தூக்குவாளியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். "அதுக்குத்தான் சம்சாரம்."

அவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. முன்னால் ஒரு மாட்டுவண்டி போனால் எனக்கு அதன் வைக்கோல் மட்டும்தான் தெரியும். அஞ்சலை அந்தப் பக்க ஜன்னலில் தலையை நீட்டிப் பார்ப்பாள். "இருயா" என்றால் இருப்பேன். "போயா" என்றால் முந்துவேன். பதினேழு வருஷமாக வண்டி இந்த இரண்டு சொல்லில் ஓடுகிறது. குடும்பமும் ஏறக்குறைய அப்படித்தான்.

(இனி அவளுக்கு 'அ.' மண்டியில் கொடுத்த டைரி, பக்கம் சின்னது.)

24-1, ஞாயிறு

நல்ல வெயில். வண்டி கழுவினேன்.

இல்லாதவை: ஹார்ன் (பாதி நாள்). பெட்ரோல் முள் (குச்சி விட்டுப் பார்க்க வேண்டும்). வலது கதவுக்குக் கைப்பிடி (கயிறு).
இருப்பவை: மற்ற எல்லாம்.

பிரெஞ்சு துரை வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கப்பலேறியபோது இந்த வண்டி என் கைக்கு வந்தது. அப்போது நான் மில்லில். மில் கூலிக்கு வண்டி எதற்கு என்று தெருவே சிரித்தது. எங்கள் நெல்லித்தோப்பில் இதை இன்னும் 'நீல வண்டி' என்றுதான் சொல்கிறார்கள். நீலம் எங்கே இருக்கிறது என்று இன்று தேடினேன். கதவு இடுக்கில் கொஞ்சம் இருக்கிறது.

மூன்றாம் வீட்டு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்து பென்ஷனில் இருக்கிறவர். தினமும் வண்டியின் மூக்கைத் தட்டி "போன்ழூர்" சொல்வார். எனக்குச் சொல்வது அதற்குப் பிறகு. வண்டி அவர் வாயில் 'கமியோனெத்'.

"கண்ணையா, இந்தக் கமியோனெத்த குடுக்கிறதுன்னா எனக்குத்தான் குடுக்கணும். வேற எவனுக்கும் குடுத்துடாத."

"நீங்க ஓட்டுவீங்களா முசியே?"

"ஓட்ட மாட்டேன். ஷெட்டுல நிறுத்தித் துடைச்சிக்கினு இருப்பேன்."

துடைத்துக்கொண்டிருக்க இது என்ன குத்துவிளக்கா? மனசுக்குள் சொன்னது. வெளியே, "பாக்கலாம் முசியே."

27-1, புதன்

மேகமூட்டம்.

வில்லியனூர் தாண்டி, முன்னால் கரும்பு வண்டி. பார்த்தது கரும்புத் தோகை மட்டும். அ. தலையை நீட்டினாள். "போயா" என்றாள். வெளியே எடுத்தேன். எதிரே லாரி. எப்படிப் பிரேக் போட்டேன், எப்படித் திரும்பக் கரும்பு வண்டிக்குப் பின்னால் ஒடித்தேன், தெரியாது. லாரிக்காரன் கத்திக்கொண்டே போனான். தக்காளி இரண்டு கூடை ரோட்டில். வலது கதவில் லாரி உரசி நீளமாக ஒரு கோடு. ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் அ. இருந்த இடம்.

பதினேழு வருஷத்தில் முதல் தடவை. பயத்தில் கத்திவிட்டேன். "கண்ணு அவிஞ்சா போச்சி?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள், இறங்கித் தக்காளி பொறுக்கினாள். நல்லதையும் நசுங்கியதையும் ஒரே கூடையில் போட்டாள். அதை அப்போது கவனித்தேன், புரியவில்லை.

28-1, வியாழன்

வண்டி எடுக்கவில்லை. உடம்பு வலி என்று மண்டிக்குச் சொல்லி அனுப்பினேன்.

காலையில் அ. வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். முறத்தைப் பார்க்கவில்லை. விரலால் தடவி எடுத்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எத்தினி நாளா?"

"ஆடியிலேர்ந்து. மொதல்ல வலது கண்ணு. இப்ப ரெண்டுமே பனி மூடினாப்ல இருக்குது."

"ஆறு மாசமா எப்பிடி வழி சொன்ன?"

"காதாலதான். லாரி வந்தா ரோடு அதிரும். பஸ்ஸுக்காரன் ஹார்ன் அடிக்காம வர மாட்டான். நேத்து அந்தக் கரும்பு வண்டிக்காரன் மாட்டுக்கு சலங்கை கட்டியிருந்தான்யா. அந்த சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா வண்டிய நிறுத்திடுவ. வண்டி இல்லன்னா நீ ஆளே இல்ல. எனக்கு மட்டும் இன்னா, அந்த சீட்ட வுட்டா அடுப்படிதான்."

ஆறு மாதம் கண் தெரியாதவள் சொல்லித்தான் முந்தியிருக்கிறேன். நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனால் பொய் எழுதக்கூடாது: பெருமையாகவும் இருக்கிறது. எவன் பெண்டாட்டி ரோட்டின் அதிர்வை வைத்து லாரி எது, பஸ் எது என்று சொல்வாள்?

நேற்று கத்தியதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. எனக்கு உறைக்கட்டும்.

2-2, செவ்வாய்

கண்ணாஸ்பத்திரி. நீள வரிசை. புரை, இரண்டிலும். வலது கண் முதலில். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் போனால்தான் கண்ணாடி.

அ. டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ரோட்டுல தூரத்துல வண்டி வர்றது தெரியுமாங்க?"

"உங்களுக்கு இன்னாம்மா வேலை?"

"வண்டி ஓட்றதுங்க." பிறகு என்னைக் காட்டி, "இவரு ஸ்டீரிங் புடிக்கிறாரு."

11-2, வியாழன்

திங்களன்று ஆபரேஷன் ஆனது. கட்டோடு மல்லாந்து படுத்திருக்கிறாள். இருமக்கூடாது, குனியக்கூடாது, தலை திருப்பக்கூடாது. வாய்க்கு மட்டும் தடை இல்லை. வண்டியில் எண்ணெய் பார்த்தேனா என்று படுக்கையிலிருந்தே கேட்கிறாள்.

வலது சீட்டில் இன்று அவள் தம்பி கோவிந்தன். மில்லில் ஷிப்ட் முடித்து நேராக வந்தான். போகும்போது எல்லாவற்றுக்கும் "இருங்க மாமா". அரை மைல் தூரத்தில் ஓர் ஆடு நின்றால்கூட "இருங்க மாமா". வரும்போது சத்தமே இல்லை. பார்த்தால் ஜன்னலில் சாய்ந்து குறட்டை. இவனை நம்பி முந்துவதற்கு அ.வின் காதே மேல். நாளையிலிருந்து தனியாகப் போகிறேன்.

12-2, வெள்ளி

வில்லியனூரிலிருந்து ஊர் எல்லை வரை ஒரே மாட்டுவண்டிக்குப் பின்னால். முந்தவே இல்லை. எனக்குப் பின்னால் பஸ், வேன், ஸ்கூட்டர், எல்லாம் ஹார்ன். மார்க்கெட் சேரும்போது மணி ஒன்பதேகால். கூலிக்காரர்கள் கை தட்டினார்கள். "சாமி ஊர்வலம் வந்துடுச்சி!" "அண்ணே, பேரிச்சம்பழத்துக்குப் போட்ருங்க!"

மண்டிக்காரர் சிரிக்கவில்லை. "கண்ணையா, காய் வாடிப் போவுது. இப்பிடியே போனா சரக்க புது டீசல் வேனுக்கு மாத்திடுவேன். பாத்துக்க."

மண்டிச் சரக்கு போனால் வண்டி நிற்கும். நின்றால் துரு. இந்த வண்டியை ஓடாமல் வைத்துப் பார்த்ததே இல்லை.

17-2, புதன்

மெக்கானிக் காதர் பாய் வந்தார். அவர் யோசனை: ஸ்டீரிங்கை வலது பக்கம் மாற்றிவிடலாம். வெட்டி ஒட்டுகிற வேலை, நான்கு நாள். "அப்புறம் யாரு தயவும் வேணாம் கண்ணையா."

அ. உள்ளே படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "மாத்திடுயா. எனக்குப் பார்வை வரும்னு இன்னா நிச்சயம்?" குரல் உடைந்தது. இருமுவது போல் மறைத்தாள். இருமக்கூடாது என்று நான் கத்தினேன்.

சாயங்காலம் சொல்தா. கையில் பெரிய கித்தான் துணி. வண்டியைப் போர்த்துவதற்காம், இப்போதே தைத்துவிட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் பிணத்துக்குக் கோடி எடுத்து வந்த மாதிரி இருந்தது. துணியை வாங்கிச் சங்கடத்தோடு பரணில் போட்டேன்.

மூன்று வழி. மாற்றுவது, கொடுப்பது, கண்ணாடி வரும் வரை சமாளிப்பது. வலது பக்கம் ஸ்டீரிங் இருந்தால் இந்த வண்டிக்கும் எந்த வண்டிக்கும் என்ன வித்தியாசம்? வயல்வெளி வெள்ளத்தில் மற்ற வண்டிகள் நின்றபோது இது வந்தது. பிரசவ வலியில் இரண்டு பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. எல்லாம் அவள் "போயா" சொல்லித்தான். பாயிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"வேணாம் பாய். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஆள் இருக்குது."

23-2, செவ்வாய்

வழி கண்டுபிடித்தேன். மாட்டுவண்டிகள் ரோட்டுக்கு வருவதற்கு முன்னால் போய்த் திரும்பிவிட்டால் யாரையும் முந்த வேண்டாம். தோட்டக்காரர்களிடம் முதல் நாள் சாயங்காலமே காய் பறித்து வைக்கச் சொல்லி ஐந்து நாளாக இப்படித்தான். தூக்கம் போச்சு. மார்க்கெட்டில் இப்போது முதல் வண்டி நான்தான். டீசல் வேனுக்கும் முன்னால். மண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கூடைகளை எடைக்கு அனுப்பினார். அது போதும்.

8-3, திங்கள்

மாசி மகம். தெரு சனம் பதினாறு பேரை ஏற்றி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு. ரோடு முழுக்க சாமிகள், கூட்டம். எவனும் எவனையும் முந்தவில்லை. இன்று ஒரு நாள் ஊரே என் மாதிரி ஓட்டியது.

29-3, திங்கள்

கண்ணாடி வந்தது. சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி. உள்ளே அ.வின் கண் இரண்டு மடங்கு.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாயா இது? நீலம் எங்க போச்சி?"

"தெனம் பாத்ததால உனக்குத் தெரியல. போயி நாலஞ்சு வருஷம் ஆவுது."

"எனக்கு நேத்து வரைக்கும் நீலமாத்தானே இருந்துச்சி."

ஒவ்வொரு நசுங்கலையும் தடவினாள். வலது கதவில் நீளக் கோடு. அதில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். "நீயும்தான் நரைச்சிட்ட." சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ரோட்டில் வைத்து, வெட்கமாக இருந்தது.

30-3, செவ்வாய்

சரியில்லை. கண்ணாடியில் எல்லாம் பெரிதாக, கிட்டத்தில் தெரிகிறதாம். எங்கேயோ வருகிற சைக்கிள் மூக்குக்கு நேரே வருகிறது என்கிறாள். எல்லாவற்றுக்கும் "இருயா". கோவிந்தனே பரவாயில்லை போல. திரும்பும்போது அ. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "பாய்கிட்ட ஸ்டீரிங்க மாத்தச் சொல்லிடுயா."

சொல்லவில்லை.

4-4, ஞாயிறு

லாஸ்பேட்டை, விமானம் இறங்குகிற இடத்துப் பக்கம் காலி ரோடு. மூன்று நாளாக சாயங்காலம் இங்கேதான். வண்டியை ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருக்கிறோம். தூரத்தில் ஸ்கூட்டர் தெரிந்ததும், இத்தனை எண்ணுவதற்குள் வந்துவிடும் என்று அ. ஒரு கணக்குச் சொல்லி எண்ண ஆரம்பிப்பாள். ஒன்று, இரண்டு. நம்மைத் தாண்டும்போது நிறுத்துவாள். முதல் நாள் அவள் மூன்று என்று நினைத்தது பதினொன்று. இன்று பத்து சொன்னால் பத்து. கூடவே கண்ணை மூடிக் காதாலும் எண்ணுகிறாள். இரண்டும் ஒத்துப்போனால் தலையாட்டுகிறாள்.

காலேஜ் பையன்கள் ஸ்கூட்டரில் போகிறபோது எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வயசான ஜோடி, ஓட்டை வண்டி, வாய்க்குள் எண்ணிக்கை. சிரிக்கட்டும்.

வீட்டில் சொல்தாவின் துணியை அ. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "முசியே, இத வேற எதுக்காவது வச்சிக்கோங்க." அவர் வாங்கிக்கொண்டு வண்டியின் மூக்கைத் தட்டினார். முகம் வாடித்தான் இருந்தது.

5-4, திங்கள்

விடிந்ததுமே வெயில். பழைய நேரத்துக்கே கிளம்பினோம். வெண்டை, கத்திரி, தக்காளி நான்கு கூடை.

வில்லியனூர் தாண்டி கரும்பு வண்டி. சலங்கை. அதே ஆள். எனக்குத் தோகை மட்டும் தெரிந்தது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பின்னால் டீசல் வேன் ஹார்ன் அடித்தான்.

அ. கதவுக் கயிற்றைப் பிடித்து, கண்ணாடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, தலையை நீட்டினாள்.

"இருயா."

லாரி போனது.

"இரு. சைக்கிள் ஒண்ணு."

சைக்கிள் போனது. டீசல் வேன் பொறுக்காமல் கத்தினான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள்.

"போயா."

போனேன்.