படத்தில் தெரிவதைச் சொல்லாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பா நலம் என்று போனில் வழக்கமாகச் சொல்வதை எழுதத்தான் இந்தத் தடவை கை வரவில்லை. போனை விட்டுவிட்டு இதென்ன காகிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அவர் காதில் விழும், எந்த அறையில் முணுமுணுத்தாலும் கேட்டுவிடுகிறது. இதை அவருக்கு நேர் எதிரே, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்ன எழுதுறே என்று கேட்டார், கடைச் சாமான் என்றேன், ஷேவிங் பிளேடும் சேர்த்துக்கோ என்றார். புரிகிறதா அம்மாடி, அப்பாவுக்குக் கண் தெரியவில்லை.

ஒரேயடியாகப் போகவில்லை. சர்க்கரை கண்ணில் இறங்கி ரொம்ப நாளாயிற்று, என்னிடமே மறைத்திருக்கிறார். அப்பா டிவியில் ஃபுட்பால் மேட்சுக்கு வர்ணனை சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து புள்ளிவிவரம் எடுத்துக் கொடுப்பாரே, நீ ஒல்லி என்று பெயர் வைத்தாயே, அவர் சட்டை நம்பரைக் காதோரம் சொல்லச் சொல்ல மிச்சத்தை இவர் குரலாலேயே ஒப்பேற்றியிருக்கிறார். அந்த அரையிறுதி அன்று ஒல்லிக்குக் காய்ச்சல். பந்து வெளிப்பக்கமாக வலையில் பட்டு வலை ஆடியது, இவர் கோல் என்று கத்திவிட்டார். கோல்கீப்பர் பந்தை வைத்து உதைக்கத் தயாராகும்போதும் கோல் போடாதவனைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். ஊரே அதைப் போட்டுப் போட்டுச் சிரித்தது. நீயும் அந்த வீடியோவை எனக்கு அனுப்பிச் சிரித்தாய், உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கு என்ன தெரியும். ரிட்டயர்மென்ட் வாங்கிக்கொண்டார் என்று நாங்கள் சொன்னது பொய். போகச் சொன்னார்கள், ஒரு ஷீல்டைக் கையில் கொடுத்து. குடித்துவிட்டு வந்தார் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்களாம். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன் அதை மறுக்கவே இல்லை. குருடன்னு சொல்றதுக்கு அது தேவலை என்றார்.

இப்போது சாயங்காலமானால் டிவி முன்னால் உட்காருகிறார், நான்தான் மேட்ச் சொல்ல வேண்டும். ஓடுறான் ஓடுறான்னா எந்தப் பக்கம் ஓடுறான் என்று எரிந்து விழுகிறார். நீலச்சட்டைக்காரன் பார்க்க லட்சணமாக இருக்கிறான் என்றேன், உன்னை வேலையை விட்டுத் தூக்கணும் என்றார். சிரித்தோம். அப்புறம் எழுந்து பாத்ரூம் போனவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டு புருவம் கிழிந்து தையல் போட்டோம். கம்பு வாங்கிக் கொடுத்தால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். அதனால்தான் நீ வீடியோவில் வரும்போதெல்லாம் போனை முதலில் நான் வாங்கி, அடடே முடியை வெட்டிட்டியா என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அவரிடம் கொடுப்பேன், அவர் அதையே பிடித்துக்கொண்டு பேசுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போனை அவரே தடவி எடுத்துவிட்டார். நீ அப்பா என்று மட்டும் கூப்பிட்டுவிட்டு ஸ்கேன் படத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறாய். படத்துல தெரியறத வாயால சொல்லாதே, பாக்கிறவங்களுக்கும் கண் இருக்கு என்று வேலைக்கு வந்த பையன்களுக்கெல்லாம் அவர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள் நீ. பள்ளிக்கூடத்தில் கோப்பை வாங்கினாலும் வாயைத் திறக்காமல் வாசலில் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்பாய், அவர் மேட்ச் சொல்கிற குரலில் ஆரம்பிப்பார். அதற்குத்தானே காத்திருந்தாய். அவருக்கு ஏதோ காட்டுகிறாய் என்பது வரைக்கும் புரிந்திருக்கிறது. நல்லாருக்கும்மா, எங்க வாங்கினே என்று கேட்டுவிட்டார்.

போன தடவை கலைந்து நீ கிடந்த கிடப்பு எனக்குத் தெரியும். இந்தச் செய்திக்கு அந்தப் பதில் கிடைத்தால் யார்தான் போனை வைக்க மாட்டார்கள். மாப்பிள்ளை எனக்கு மெசேஜ் அனுப்பினார், அழுதுகொண்டே இருக்கிறாய், இனிமேல் அப்பாவிடம் பேச மாட்டேன் என்கிறாய் என்று. அன்றிலிருந்து அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு, என்னத்தைக் காட்டினா, என்னத்தைக் காட்டினா என்று என்னைக் கேட்டபடி இருக்கிறார். வீட்டுச் சாவியா, புதுத் துணியா என்று அவரே யோசிக்கிறார். தெரியாது என்றே சொல்லி வருகிறேன். இது உன் வாயால் அவர் கேட்க வேண்டியது.

டாக்டர் கையை விரித்துவிட்டார். இடது கண்ணில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, குழந்தை வருவதற்குள் அதுவும் போய்விடும். இதை இனிப்புத் தடவிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன் குழந்தையின் முகத்தை அவர் பார்க்கப்போவதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, பாரம் தூக்காதே, ஈரத் தரையில் பார்த்து நட.

இதோ, எழுதினதை ஒரு தடவை வாசிச்சுக் காட்டு என்கிறார். இந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே உப்பு, சோப்பு, பிளேடு என்று வாசித்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார், உப்பு சோப்புக்கா இவ்வளவு நேரம் பேனா ஓடுச்சு, அவளுக்குத்தானே எழுதறே, என்னத்தைக் காட்டினான்னு கேட்டு எழுது.

எழுதிவிட்டேன். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நான் மாடிக்குப் போய்விடுகிறேன். படத்தைத் தூக்காதே அம்மாடி. தலை எந்தப் பக்கம், கை எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் வாயால் சொல்லு.

உன் அம்மா