சம்பந்தி வீட்டுப் பட்டு மெத்தையும் என் குதிகாலும்

அன்பு மகள் கனிஷாய்க்கு,

உன் அத்தா சொல்லச் சொல்ல இன்னொருவர் கை எழுதும் கடிதம். இங்கே நான் சுகம், உன் தம்பி எர்மெக் சுகம், பழுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். நாய்க்கு மட்டும் வயிறு சரியில்லை, அதற்குக் காரணம் நான்தான், பிறகு சொல்கிறேன். மாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அல்லாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். எனக்குக் காது மந்தம், நான் போனில் பேசினால் நம் ஊர் அட்பாஷி முழுக்கக் கேட்கும், இது அட்பாஷி முழுக்கக் கேட்க வேண்டிய விஷயம் இல்லை. கையெழுத்து எப்போதும் எனக்கு எழுதித் தருகிற வாத்தியார் சுல்தானுடையது இல்லையே என்று பார்க்கிறாயா, யாருடையது என்று கடைசியில் சொல்கிறேன், அதற்குள் தாளைப் புரட்டாதே.

நடந்ததற்கெல்லாம் ஆரம்பம் நீதான். வசந்தத்தில் பார்சல் அனுப்பினாயே, அதில் வெள்ளையாக ஒரு டியூப் இருந்தது. எர்மெக் வீட்டில் இல்லை, எனக்கு எழுத்து தெரியாது. திறந்து முகர்ந்தேன், நல்ல வாசனை, பூட்ஸ் பாலிஷ்தான் என்று முடிவு செய்தேன். என் மகளுக்கு அத்தாவின் பூட்ஸ் மேல்கூட ஞாபகம் இருக்கிறது பார் என்று நெஞ்சு நிறைந்து, பாதி டியூபை இரண்டு பூட்ஸிலும் அப்பித் தேய்த்து, மறுநாள் அதையே போட்டுக்கொண்டு எர்மெக்குக்குப் பெண் கேட்கப் போனேன். சம்பந்தி வீடு நாரின் போகிற வழியில் பாலத்துக்குப் பக்கத்தில். பாதி வழியில் மழை பிடித்தது, கார் சேற்றில் உட்கார்ந்துவிட்டது, மிச்ச தூரம் நடை. நடக்க நடக்க என் காலிலிருந்து நுரை கிளம்புகிறது மகளே! ஓடி வந்த குதிரையின் வாயில் தள்ளுமே, அப்படி. சம்பந்தி வீட்டு வாசலில் நின்றபோது முழங்கால் வரை வெள்ளை நுரை. பெண்ணின் அம்மா கலிபா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்க சம்பந்தி, உங்க ஊர்ல காலோட சேத்துத்தான் துணி துவைப்பீங்களா"ன்னு கேட்டாள். எர்மெக் பிறகுதான் சொன்னான், அது முகம் கழுவுகிற நுரையாம்.

பூட்ஸைக் கழற்றினேன், சாக்ஸும் நுரையில் ஊறிப்போயிருந்தது, வேறு வழியில்லாமல் அதையும் கழற்றினேன். வெறுங்காலோடு மெத்தையில் உட்கார வைத்தார்கள். அந்த மெத்தை பெண்ணுக்குச் சீராகத் தைத்தது, மேலே பச்சைப் பட்டு, அன்றைக்குத்தான் முதல்முதலாக விரித்திருக்கிறார்கள். காலை மடக்கி உட்கார்ந்தேன். சர்ரென்று ஒரு சத்தம். ஐம்பது வருஷம் மலை ஏறி இறங்கின குதிகால், வெடிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு கோபெக் காசைச் செருகி வைக்கலாம், உனக்குத் தெரியாததா. பட்டு இழை அதில் மாட்டிக்கொண்டது. மெதுவாக விடுவிக்கப் பார்த்தேன், இழை ஒரு முழம் கையோடு வந்துவிட்டது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணின் கை அப்படியே நின்றது. குனிந்த தலையும் வெள்ளை முக்காடும்தான் எனக்குத் தெரிந்தது, முகத்தைப் பார்க்கவே இல்லை.

கலிபா பட்டுக்காகக் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போகும்போது என்ன சொன்னாள் தெரியுமா? "பட்டு போனாப் போவுது சம்பந்தி. வீட்டுப் பெரியவரோட காலே இப்படிக் கெடக்குதுன்னா, அந்த வீட்ல யாரு யாரப் பாத்துக்கிறா? பொம்பள இல்லாத வீடு. எம் பொண்ணு வந்து ரெண்டு ஆம்பளைங்களுக்கும் வடிச்சிக் கொட்டணுமா? தோடு போட்டு நிச்சயம் பண்ற நாளை யோசிச்சிச் சொல்றோம்." உன் அம்மா போய் நாலு வருஷம், நானும் எர்மெக்கும் சேர்ந்துதான் சமைக்கிறோம், மாவு பிசைவது நான், நறுக்குவது அவன். ஆனால் அதை எந்த வாயால் சொல்ல, காலில் மெத்தை நூல் தொங்கும்போது. அன்றிலிருந்து எர்மெக் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திட்டவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் குதிரை லாயத்துக்குப் போய்விடுவான். அவன் அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

சரி, காலால் கெட்டதைக் காலால்தான் சரிசெய்ய வேண்டும் என்று ஆட்டுவால் கொழுப்பை உருக்கிக் குதிகாலில் பூசினேன். பூசிவிட்டுக் கண் அசந்தால் நாய் வந்து நக்கிவிட்டுப் போகிறது. நாலு நாள் இப்படியே. வெடிப்பு வெடிப்பாகவே இருக்கிறது, நாய்க்குத்தான் வயிறு கெட்டது. ஐந்தாம் நாள் யாரிடமும் சொல்லாமல் மினிபஸ் ஏறி நாரின் டவுனுக்குப் போனேன். சந்தைக்குப் பின்னால் ஒரு பியூட்டி பார்லர் இருக்கிறது, கண்ணாடியில் ஒரு பெண்ணின் படம், பக்கத்தில் ஒரு பாதத்தின் படம். எழுத்து தெரியாதவனுக்கு அது போதாதா. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஆட்டைத் திருடப் போகிறவன் மாதிரி உள்ளே நுழைந்தேன். முகத்தில் மாஸ்க் கட்டின ஒரு பெண், "வாங்கய்யா, பேரு என்ன"ன்னு நோட்டை எடுத்தாள். சொன்னேன். பேனா நின்றுவிட்டது. எழுதாமலே நோட்டை மூடிவிட்டு, "உக்காருங்க"ன்னு மட்டும் சொன்னாள். காது கேட்கவில்லை போலிருக்கிறது, நம்ம ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சின்னத் தொட்டியில் இளஞ்சூடான தண்ணீர், அதில் உப்பும் ஏதோ இலையும். காலை வைத்தேன் பார், உயிர் உச்சந்தலைக்கு ஏறி இறங்கியது. நல்லா ஊறின பிறகு ஒரு சின்ன அரம், ஒரு கல், ஒரு கத்தி எடுத்தாள். நான் ஐம்பது வருஷம் ஆட்டுக் குளம்பு சீவினவன், கத்தி பிடிக்கிற கையைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன். அவள் காய்ந்ததை மட்டும் எடுத்தாள், உயிருள்ள தோலைத் தொடவே இல்லை. அவசரம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. அந்தச் சுகத்தில் என் வாய் திறந்துகொண்டது, உனக்குத்தான் தெரியுமே. எல்லாவற்றையும் கொட்டினேன். "எனக்கு வரப்போற சம்பந்தியம்மா இருக்குதே தாயி, எல்லையில சோதனை போடுற அதிகாரி தோத்துப் போவான், காலைக்கூட விடாம சோதிக்குது"ன்னு சொன்னேன். மாஸ்க்குக்குள்ளே ஏதோ சத்தம், இருமல் என்று நினைத்தேன். அப்புறம் என் சிரிப்பு ஓய்ந்து மனசுக்குள்ளே இருந்ததும் வந்துவிட்டது. "அந்தம்மா கேட்டது தப்பில்ல தாயி. எம் மகன் சமைப்பான், நானும் சமைப்பேன், வர்ற பொண்ணு வேலைக்காரியா வரவேண்டாம், நாலு வருஷமாக் காலியாக் கெடக்குற எடத்துல உக்காந்து எங்க ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சாப் போதும். ஒரு தாய்க்கு இதை எப்பிடிப் புரிய வைக்கிறது"ன்னு கேட்டேன். அவள் கையிலிருந்த கல் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது.

பிறகு, "முகத்தையும் சுத்தம் பண்ணிடட்டுமா"ன்னு கேட்டாள். சரி என்றேன். பால் மாதிரி ஒன்றைப் பஞ்சில் தொட்டு, அழுத்தாமல், இழுக்காமல், ஈன்ற ஆடு குட்டியை நக்குமே, அப்படித் துடைத்தாள். பஞ்சு கறுப்பாக வந்தது. ஐம்பது வருஷத்துக் காற்றும் புகையும். நான் குறட்டை விட்டுவிட்டேன். விழித்துப் பார்த்தால் எதிரே அவள், மாஸ்க்கை இறக்கிவிட்டு, தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து மூன்று முறை குனிகிறாள். நம் வீடுகளில் மாமனார் முன் மருமகள் குனிவாளே, அதே குனிவு. கையைப் பார்த்தேன். அன்றைக்குத் தேநீர் ஊற்றின கை. சய்கல்! எனக்கு வரப்போகிற மருமகள்! தலை மூடாமல் மாமனார் முன் வராத குடும்பத்துப் பெண்ணிடம் நான் முட்டி வரை கால்சட்டையைச் சுருட்டிக் காலை நீட்டி, அவளைப் பெற்றவளை வேறு திட்டித் தீர்த்திருக்கிறேன். பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். கல்யாணம் இதோடு போயிற்று என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் ஆள் வந்தது, வெள்ளிக்கிழமை தோடு போட வாருங்கள் என்று. உன் அம்மாவின் வெள்ளித் தோட்டை எடுத்துக்கொண்டு உன் அத்தையோடு போனோம். அறைக்குள் போனால் அதே பச்சைப் பட்டு மெத்தை, இழை போன கோடு பளிச்சென்று தெரியும்படி எனக்காகவே விரித்திருக்கிறாள் கலிபா. "சம்பந்தி, சாக்ஸைக் கழட்டிட்டு உக்காருங்க, பழக்கமான எடந்தானே"ன்னாள். கழற்றினேன். குதிகாலைப் பட்டில் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தேன். சத்தமே இல்லை, வெண்ணெயில் கத்தி மாதிரி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கலிபா குனிந்து என் குதிகாலை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. "இந்த வேலையைச் செஞ்ச கை எனக்குத் தெரியும், நான் சோறு ஊட்டி வளத்த கை"ன்னு மெதுவாகச் சொன்னாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. நான் பெண் கேட்கப் போனபோது, மகள் டவுனில் கிளினிக்கில் வேலை செய்கிறாள் என்றுதான் கலிபா சொல்லியிருந்தாள். கண்டவன் காலைப் பிடிக்கிற பெண் என்று நாம் இளக்காரமாகப் பேசுவோம் என்று பயந்து மறைத்திருக்கிறாள். நான் என் காலை மறைக்கப் பார்த்தேன், அவள் காலைத் தொடுகிற கையை மறைக்கப் பார்த்தாள். நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன், "நானும் ஆயுசு பூரா கால் பிடிச்சவந்தான் சம்பந்தியம்மா, ஆட்டுக்கால். உங்க பொண்ணு கைவேலை என்னைவிட சுத்தம்." கலிபா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே பழையபடி ஆகிவிட்டாள். "அது சரி, எல்லையில சோதனை போடுற அதிகாரின்னு யாரையோ சொன்னீங்களாமே"ன்னு கேட்டாள். பார்லரில் நான் கொட்டினதையெல்லாம் சய்கல் வீட்டில் ஒப்பித்திருக்கிறாள், அதைக் கேட்டுத்தான் கலிபா ஆள் அனுப்பியிருக்கிறாள். தேநீர்க் கெண்டியோடு சய்கல் அறையை விட்டே ஓடிப்போனாள். உன் அத்தை தோட்டைப் போட ஆள் இல்லாமல் தேடிக்கொண்டு போனாள்.

கல்யாணம் மந்தை மலையிலிருந்து இறங்கின பிறகு, அக்டோபரில். நீ கட்டாயம் வரவேண்டும், லீவு கேட்டு இப்போதே சொல்லி வை. வரும்போது அந்த வெள்ளை டியூப் இரண்டு வாங்கி வா. ஒன்று எனக்கு, பட்டாணி அளவுதான் எடுக்க வேண்டும் என்று இப்போது தெரியும். இன்னொன்று கலிபாவுக்கு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சம்பந்தி, அதென்ன உரிச்ச முட்டை மாதிரி"ன்னு நாலு தடவை கேட்டுவிட்டாள். மாஸ்கோக் குளிரில் நீயும் காலைக் கவனி, நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறாய், என் கால்தான் உனக்கும். எர்மெக் இப்போது குதிரை லாயத்திலிருந்து பாட்டு பாடிக்கொண்டு வருகிறான், சகிக்கவில்லை, ஆனால் பாடட்டும்.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். பார்லரில் தொட்டித் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு நான் சொல்ல, என் எதிரே முக்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவள் சய்கல்தான். எழுதிக்கொண்டே சிரிக்கிறாள், எழுத்து கோணினால் அதுதான் காரணம். உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுசும் நிறைந்த வீடும் கிடைக்கட்டும், நீ நடக்கிற வழியில் கல் இல்லாமல் இருக்கட்டும். கடைசியில் என் பேரை எழுது தாயி என்றேன், மாட்டேன் என்கிறாள். மாமனார் பேரை மருமகள் வாயாலும் சொல்லமாட்டாளாம், கையாலும் எழுதமாட்டாளாம், அன்றைக்கு நோட்டில் எழுதாததும் அதனால்தானாம். எனக்கும் எழுதத் தெரியாது. அதனால் காலைத் துடைத்துத் தாள் மேல் வைக்கச் சொல்லிச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டாள். குதிகால் பக்கம் விரலை ஓட்டிப் பார் மகளே, ஒரு நெளிவு இருக்கிறதா?

இப்படிக்கு,
கீழே இருக்கும் பாதத்துக்குச் சொந்தக்காரன்,
உன் அத்தா