படுத்தால் குறைகிறதா?

உம்மா,

பக்கத்து வீட்டு மைனியின் பீடித் தட்டிலிருந்து தூள் வாசம் சன்னல் வழியாக வருகிறது. நான் பாயில் மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் கட்டிப்பிடித்து நெஞ்சோடு இழுத்துக்கொண்டிருக்கிறேன், நீ செய்த மாதிரியே. வலியும் உனக்கு வந்த அதே இடத்தில்தான், இடுப்புக்குச் சற்று மேலே. பயமாக இருக்கிறது.

இது ஜவுளிக்கடை கொடுத்த வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கடை திறந்ததிலிருந்து அடைக்கும் வரை நிற்கிறோம். உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் முதலாளி ஸ்டூல் வாங்கிப் போட்டார். அதில் சேலைக்கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. தப்பித்தவறி நாங்கள் உட்கார்ந்தால், "என்னம்மா, பொண்ணு பாக்க வந்திருக்காங்களா?" என்பார் மேற்பார்வையாளர்.

உன் வலிக்கும் இப்படித்தான் காரணம் தயாராக இருந்தது. நீ நாற்காலியில் உட்காரும் முன்பே டாக்டர், "பீடியா?" என்று கேட்டார். முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை. உடற்பயிற்சிப் படம் போட்ட தாளை நீட்டி, காலையும் மாலையும் செய்யச் சொன்னார். பீடி சுற்றுகிறவளுக்கு வேறு நோய் வரவே கூடாது போல.

வீட்டுக்கு வந்து நீ அந்தப் படங்களைப் பார்த்துச் சடைத்துக்கொண்டாய். "அஞ்சு வேளையும் குனிஞ்சு நிமிந்து தொழுவுதேன். இதுக்கு மேல என்னத்த வளைக்கச் சொல்லுதாரு?"

"மாமி, அது அல்லாவுக்கு. இது இடுப்புக்கு" என்றாள் மைனி. மடியில் பீடித் தட்டு ஆடும் அளவுக்குச் சிரித்தாய்.

பிறகு செய்தாய். வலி குறையவில்லை. "செஞ்சது காணாது போலட்டி" என்று மதியமும் செய்தாய். அதற்கும் கேட்கவில்லை என்றதும், ஒவ்வொரு கட்டு பீடி முடிந்ததும் தட்டை நகர்த்திவிட்டுப் பாயில் சாய்ந்து காலை இழுத்தாய். கட்டு குறைந்தால் பீடிக்கடையில் ஏசுவார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக இழுத்தாய். படுத்தால்தான் அதிகம் வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாய். உன் சட்டை தொளதொளத்தது. தெருவில், "மெலிஞ்சு கொமரி மாரி ஆயிட்டிய" என்று கேலி பேசினார்கள். நீ வெட்கப்பட்டாய்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது நோய் முதுகெலும்பைத் தின்றிருந்தது. அடுத்த நோன்புக்கு நீ இல்லை.

இன்று காலை நான் பிசியோதெரபி அக்காவிடம் போனேன். "ஒரு நாளைக்கு எத்தன தடவ செய்யணும்க்கா?" என்று கேட்டேன். அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்.

"மொதல்ல இதச் சொல்லு. படுத்தா வலி குறையுதா? ராத்திரி வலில முழிப்பு வருதா? காய்ச்சல் உண்டா? மெலிஞ்சிருக்கியா? காலு மரத்துப்போவுதா? ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போறதுல மாத்தம் உண்டா?"

உன்னிடம் கேட்டிருந்தால் முதல் கேள்வியிலேயே தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

எனக்குப் படுத்தால் குறைகிறது. மற்றவை எதுவும் இல்லை. அவள் முதுகெலும்பை மேலிருந்து கீழே அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "காலைல கொஞ்சம், சாயந்தரம் கொஞ்சம். வலி இல்லாத நாளும் விடாத. பைய இழு. இழுவை தெரியலாம், வலி கூடக் கூடாது. சில வாரத்துல வலி கேக்கலைன்னா வா. நான் கேட்டதுல ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே வா. செஞ்சது பத்தலன்னு வீட்டுல இருந்து தடவையக் கூட்டிக்கிட்டே போவாத."

செஞ்சது காணாது. உன் குரல் காதில் கேட்டது. அங்கேயே அழுதுவிட்டேன்.

பயம் போகவில்லை, உம்மா. இப்போதும் முழங்காலை விட்டு, காலை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். குறைகிறதா? குறைகிறது. நாளைக்கும் கேட்பேன்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் மைனி தட்டை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி, "யா அல்லா" என்று எழுந்திருக்கிறாள். கொஞ்ச நாளாகவே இந்தச் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"மைனி, படுத்தா குறையுதா?"

அவள் முகத்தில் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"படுத்தாத்தான் கூடுது. நீ ஏன்ட்டி அதக் கேக்கே?"

"செருப்பப் போடுங்க, அந்த அக்காட்ட போவோம்" என்றேன்.