திரும்பி ஓடின ஆட்ரி

பா, நான் ரயன். இருபத்திரண்டு வயசாச்சு, நேர்ல உங்ககிட்ட பேச இன்னும் பயம்தான். அதான் நம்ம குளுவாங் வீட்டு கிச்சன்ல நின்னுகிட்டு, நீங்க தூங்குறப்ப உங்க போன்ல மெதுவா பேசி, குரல்லயே டைப் பண்றேன். சிங்கப்பூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு.

கறி அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்குங்க. கேஸ்காரரு காலையில வருவாரு.

பா, நம்ம தங்கச்சி ஆட்ரியோட ஸ்கூல் ஓட்டத்தப் பத்திதான் சொல்லணும். குறுக்கு வழியில போகலன்னு காட்ட, பாதி வழியில, பாமாயில் மரம் நிக்கிற செம்பனைக்காட்டுல டீச்சர் ஆளுக்கொரு ரப்பர் பேண்ட் குடுப்பாங்க. இவ வாங்காம தாண்டிட்டா. ஞாபகம் வந்ததும் திரும்பி ஓடி வாங்கிட்டு வந்தா. மூணாவதா இருந்தவ ரொம்பப் பின்னாடி போயிட்டா.

"கடைசில ரப்பர் பேண்ட யாரு பாத்தா லா? கையில இருந்த மெடல விட்டுட்டு வந்திருக்கா"ன்னு நீங்க சொன்னீங்க. அவ சோத்தத் தொடல. இனிமே ஓட மாட்டேன்னு என்கிட்ட சொல்லிட்டா.

அவ ஓடி நான் ஒருநாளும் பாத்ததில்ல பா. சிங்கப்பூர்ல வேலையில நின்னுகிட்டு, இப்ப எந்த வளைவுல ஓடுவான்னு நெனச்சுக்குவேன். அவ திரும்பி ஓடினத பாத்திருக்கணும்னு அவ்வளவு ஆசையா இருக்கு.

மழை வந்தா துணிய எடுத்துருங்க.

இன்னொன்னு. அவ எழுந்ததும் எத்தனாவதுன்னு பேசாதீங்க. ஓடுறப்ப எப்படி இருந்துச்சும்மான்னு கேளுங்க. நான் போன்லதான் கேக்க முடியும். நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க பா.