சம்பந்தி முன்னால் விழுங்காத மாத்திரை

இன்று காலை பிரெட்னிசோலோன் மாத்திரை நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தும் கசப்பு போகவில்லை. நீ இருந்திருந்தால், "வாய் மட்டும் ஓசூர் வரைக்கும் நீளுது, ஒரு மாத்திரை முழுங்கத் தெரியல" என்றிருப்பாய்.

எனக்கு மூட்டெல்லாம் வீங்கி, விரலை மடக்க முடியாமல் போய், டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு இது. உன்னுடையதும் ஸ்டீராய்டுதான். ஆனால் வேலை வேறு. என் உடம்பு தன் மூட்டுகளோடு தானே சண்டை போடுகிறது, அதை இது அடக்குகிறது. உனக்குச் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியே படுத்துவிட்டது. அது தராததை நீ விழுங்கினாய்.

ஆபீஸ் கேன்டீனில் நீ இரண்டு வித மாத்திரை போடுவதைப் பார்த்து, எதற்கு இரண்டு என்று கேட்டேன். "ஹைட்ரோகார்ட்டிசோன் தெம்புக்கு. சீக்கிரம் தீர்ந்துடும், அதான் மதியமும் போடறேன். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் உடம்புல உப்பு தங்கறதுக்கு" என்றாய். டெக்ஸாமெத்தசோன் என்று ஒரு ஸ்டீராய்டு இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுமாமே, அது ஒன்றே போதாதா என்று என் அதிமேதாவித்தனத்தைக் காட்டினேன். "பயில்வான்தான். ஆனா உப்பைப் பிடிச்சு வைக்கத் தெரியாது. பயில்வானா இருந்தா சமையலும் தெரிஞ்சிருமாடி?" என்று சிரித்தாய்.

காய்ச்சல் வந்தால் நல்ல சுரப்பி தானாகவே அதிகம் சுரக்கும், உனக்கு அது நடக்காது, அதனால் மாத்திரையைக் கூட்ட வேண்டும், வாந்தி எடுத்தால் உடனே ஊசி போட்டாக வேண்டும் என்றும் நீதான் சொன்னாய். இவ்வளவு தெரிந்தவள், ஆனேக்கலில் உன் மகளின் நிச்சயதார்த்தத்தன்று காய்ச்சலோடு போய் உட்கார்ந்தாயே! பையன் வீட்டார் நடுவில் மாத்திரைப் பையைத் திறக்க உனக்கு மனம் வரவில்லை. "அம்மாவுக்கு நோய்னா பொண்ணையும் சந்தேகமாப் பாப்பாங்க" என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தாய். போடி பைத்தியக்காரி என்று திட்டியும் நீ கேட்கவில்லை.

வாந்தி எடுத்தாய். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். மயங்கினாய். ஆஸ்பத்திரியில் உனக்கு வேறு நோய் உண்டா என்று டாக்டர் கேட்டபோதும், பக்கத்தில் சம்பந்தி நிற்கிறாரே என்று உன் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. பிறகு சொன்னார், ஊசியும் போட்டார்கள். நேரம் கடந்துவிட்டது. அவரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. உன்னையும்தான்.

அந்தப் பையனோடுதான் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சொல்லியிருந்தா நானே தண்ணி மொண்டு குடுத்திருப்பேனே. எங்க வீட்டுக்காரரு தினமும் இன்சுலின் போடறவருதானே, எங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க விவேக் நகரிலிருந்து வந்திருந்தார்கள். "அம்மா, இன்னிக்கு ஒருநாள் மாத்திரைய விட்டுடேன், இல்ல உள்ள போய் போட்டுக்கோ" என்றாள் மகள். விடக் கூடாது. வெளியிலிருந்து சோறு வந்துகொண்டிருந்தால் வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? என் சுரப்பியும் இப்போது அப்படித்தான் சும்மா இருக்கிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அதனால் உடனே எழுந்துகொள்ள முடியாது, டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

உள்ளேயும் போகவில்லை. டிபன் முடிந்ததும் அவர்கள் எதிரிலேயே போட்டுக்கொண்டேன். "என்ன மாத்திரைங்க?" என்றார் பையனின் அம்மா. "ஸ்டீராய்டு" என்றேன். அந்த அம்மாள் தன் கணவரைப் பார்த்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டார்.

இன்னும் போன் வரவில்லை. மகள் என்னோடு பேசுவதில்லை. நான் செய்தது சரிதானா என்று எனக்கே சில நேரம் குழப்பமாக இருக்கிறது. அப்போதெல்லாம் மணவறையில் உட்கார்ந்திருந்த உன் மகளின் முகம் கண்முன் வந்துவிடுகிறது. தாலி ஏறும் நேரத்தில் அவள் கூட்டத்தில் யாரையோ தேடினாள்.

இந்த வரன் போனால் இன்னொன்று வரும்.