குண்டனின் கழுத்துப் பட்டை

இந்தக் கடுதாசிய நீ கோவப்படாம உக்காந்து படி, அம்மாடி. வேலைக்கு வெளியூர் போறப்ப என்கிட்ட விட்டுட்டுப் போனியே உன் நாய், அவன் இப்ப பேருக்குத்தான் குண்டன். எலும்பும் தோலுமா ஆயிட்டான். காதோரம் முடியெல்லாம் கொட்டிப்போச்சு.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, "மணல் ஈ கடிச்சு வந்த நோய்மா. கொசுவ விடச் சின்னது, சத்தமே போடாது. கழுத்துல மருந்துப் பட்டை போடலியா?"ன்னாங்க.

நீ மாட்டிவிட்ட பட்டைதான். சாமி ரூமு வரைக்கும் நாத்தம் வருதுன்னு நான்தான் கழட்டி வச்சேன். கடவுள் பாத்துக்குவாருன்னு இருந்துட்டேன். அவரு வந்து நாய்க்குப் பட்டையா மாட்டுவாரு?

மருந்து ஆரம்பிச்சாச்சு. பொழச்சுக்குவானாம், ஆனா நோய் முழுசாப் போகாதாம். "சாயந்தரத்துல யாராவது அவன்கூட வெளிய உக்காருவாங்களா? அதே ஈ மனுஷங்களக் கடிச்சா அவங்களுக்கும் வரும்"னு கேட்டாங்க. யாருமில்லன்னு சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
மனசு கேக்காத உன் சித்தி

அடியே, இப்பத்தான் ஞாபகம் வருது. லீவுக்கு இங்க வந்திருந்தப்ப உன் பொண்ணு தெனமும் பொழுது சாயுற நேரம் பின்வாசப் படியில அவன்மேல சாஞ்சுக்கிட்டுதான் படிப்பா. கணுக்கால்ல ஒரு புண்ணு இருந்துச்சு. எறும்புக் கடின்னு நான் எண்ணெய் தடவிவிட்டேன். அவ கிளம்புற வரைக்கும் அது ஆறல.