நாவலில் பேசாத அம்மா

சித்தூர்
9-2-1987

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெயசீலிக்கு, சித்தூர் ஜில்லாவின் முடிசூடாத சக்கரவர்த்தியும் கர்த்தருக்குள் நித்திரையடைந்த உன் நைனாவின் ஒரே தம்பியுமாகிய சித்தப்பன் வேதநாயகம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உன் அம்மாவும் குறைவில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், நீயும் சியோல் பனியில் உறைந்துபோகாமல் அப்படியே விட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மாவைப் பற்றி நீ கேட்டிருந்தாய். புத்தலப்பட்டு மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு நீ நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறிய நாளிலிருந்து அவள் உன் பேரை வாயில் எடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். கடிதம் வந்தால் நான் சத்தமாய்ப் படிப்பேன், அவள் பாத்திரத்தை அதைவிடச் சத்தமாய்க் கழுவுவாள்.

பார்சல் வந்து சேர்ந்தது. நீ அனுப்பிய கொரியா துப்பறியும் நாவலின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை உட்கார்ந்த இடத்தில் படித்து முடித்தேன், அடுப்பில் பால் பொங்கி வேலூர் ரோடு வரைக்கும் ஓடியது, நான் எழுந்திருக்கவில்லை. ஊறுகாய் ஜாடி வியாபாரி கொலை, வீட்டை விட்டுப் போன மகள் மேல் பழி. வாசலில் ஈரச் செருப்பு கிடந்தது என்று ஆசிரியர் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிப் போனாரே, அங்கேயே பிடித்துவிட்டேன், கொன்றவன் மருமகன்தான். இந்த மூளை போலீஸில் சேராததால் ஆந்திரா முழுவதும் திருடர்கள் கால் நீட்டித் தூங்குகிறார்கள். ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மகள் ஜெயிலில் இருக்கிறாள், அம்மாக்காரி கொல்லையில் மிளகாய் உலர்த்திக்கொண்டே இருக்கிறாள், கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்க்கவுமில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. அதைப் படித்தபோது நான் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்சலில் கூடவே வந்த, அதையே டி.வி. நாடகமாக எடுத்த கேசட்டைத்தான் போன சனிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் போட்டோம். துபாயிலிருந்து திரும்பின ஏகாம்பரம் வீட்டு வீடியோ டெக் எந்த நாட்டுக் கேசட்டையும் விழுங்கும். படம் முழுக்கக் கொரியா பாஷை. நம் சபை வழக்கம் உனக்குத் தெரியுமே, கன்வென்ஷனுக்கு வெள்ளைக்காரப் பிரசங்கி வந்தால் நம்மவர் ஒருவர் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டும். அப்படியே நான் டி.வி. பக்கத்தில் நின்று, படித்த நாவலை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தேன். நம் மூப்பர் தனராஜ் பெஞ்சாதி லோயிஸ் அக்கா, “இன்னாப்பா இது, அவன் ஒரு வார்த்த சொன்னான், நீ ஒரு அதிகாரமே படிக்கற?” என்றாள். “அந்த பாஷ அப்டிக்கா, ஒண்ணுக்குள்ள ஒம்பது அடங்கிக்கினு இருக்கும்” என்றேன். மருமகன்தான் கொலைகாரன் என்றும் முதல் காட்சியிலேயே அறிவித்துவிட்டேன். பாவிகள், பாதிக் கதையில் அவனையே சாகடித்துவிட்டார்கள். “யோவ், கொலகாரனே பூட்டான்யா, இப்ப யாரப் புடிக்கறது?” என்று தனராஜ் கேட்க, வீடே இடிந்துவிழும்படி சிரித்தார்கள். நாவலை மாற்றி, கொன்றது டாக்டராம். நாவலில் ஒரு வரியில் ஒளிந்திருந்த செருப்பை இவர்கள் எருமை சைசுக்குக் காட்டினார்கள், தொட்டில் பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்கும்.

அதற்கப்புறம் புத்தகத்தில் இல்லாத ஒரு காட்சி வந்தது. அந்த அம்மா துணிமூட்டையோடு ஜெயிலுக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்காருகிறாள், உதடு அசைகிறது, எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள், எனக்கோ சொல்ல ஒரு வரியும் இல்லை. பின்னாலே பாயிலிருந்து உன் அம்மா குரல் வந்தது. “துன்னியாடின்னு கேக்கறா.” நான் திரும்பவில்லை. அந்தப் பெண் அழுதாள், அம்மாக்காரி மறுபடி ஏதோ சொன்னாள். “குளுருது, நல்லா போத்திக்கினு படுன்றா. கோவம் இருக்குது, அதுக்கின்னு நீ கெட்டவன்னு எப்பவும் நெனைக்கலன்றா.” எனக்குக் கொரியா பாஷை தெரியாது மகளே, ஆனால் அந்த மொழிபெயர்ப்பு சரியானது என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். மர்மத்தில் நாவலுக்கு டி.வி. உறைபோடக் காணாது, இருந்தாலும் அந்த ஒரு காட்சிக்காக டி.வி.க்காரர்களின் அத்தனை பாவத்தையும் மன்னித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமல், “அந்த ஊர்லர்ந்து போன் பண்ணா இங்க கேக்குமா?” என்றாள். துல்லியமாய்க் கேட்கும் அண்ணி, பனி விழுகிற சத்தம்கூடக் கேட்கும் என்றேன். ஏகாம்பரத்திடம் சொல்லி வைத்துவிட்டேன். மார்ச் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்து அவன் வீட்டுப் போன் பக்கத்தில் இருப்போம், நமக்குப் பகல் பன்னிரண்டு, உனக்கு மூன்றரை, நம்பர் உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

கம்பளி இல்லாமல் வெளியே போகாதே, நைட் டியூட்டி முடிந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. ஆண்டவர் உன் பக்கத்திலேயே நின்று உன்னை ஆசீர்வதித்து, அந்தப் பனியையும் கொஞ்சம் குறைத்து வைக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. போனை முதலில் நான் எடுத்து அவள் கையில் கொடுப்பேன். கொடுத்த பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து நீ வைத்துவிடாதே.

என்றும் உன் நினைவாய் இருக்கும் சித்தப்பன்,
வேதநாயகம்